கூரை வழியே இறங்கும் வீடுகள்: "அப்போ ராஜா யாரு மிஸ்?"

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறீர்கள். அரசனும் அடிமையும் இல்லாத, ஏற்றத்தாழ்வு குறைந்த சமூகங்கள் வரலாற்றுக்கு முன் இருந்தன என்பதை விஆர் (கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பது போலப் பார்க்கும் மெய்நிகர் காட்சி), கணினி விளையாட்டு மாதிரியான ஊடாடும் கருவிகளை வைத்துச் சொல்லித்தர ஆசைப்படுகிறீர்கள். எந்தச் செயலி நல்லது, நாலைந்து விஆர் கண்ணாடி வாங்கித் தரச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேட்கலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நடுவில் போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். "எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். அப்புறம் ‘அப்போ ராஜா யாரு மிஸ்?’ என்று கேட்கிறார்கள்." எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது, கருவி அதற்குப் பிறகுதான். இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? பிரமிடு இருந்தால் படம் போட்டுக் காட்டலாம். பிரமிடு இல்லை என்பதற்கு என்ன படம் போடுவீர்கள்? பிள்ளைகளே ஊரெல்லாம் தேடிப் பார்த்து, கிடைக்காமல் கையை விரிக்க வேண்டும். அதற்கு உதவும் கருவி எதுவானாலும் நல்ல கருவி.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் தொல்லியல் படித்தவன். சில அகழாய்வுக் குழிகளில் மண் சலித்து, பானை ஓடு கழுவி, எண் எழுதியிருக்கிறேன். அதன் பிறகு பதினைந்து வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தொல்லியல் பட்டறை நடத்துகிறேன். மென்பொருள் எழுதத் தெரியாது. கீழே சொல்லப்போகும் துருக்கி ஊரில் தோண்டியதும் இல்லை. அகழாய்வு அறிக்கைகளையும் அந்தக் குழு இணையத்தில் பொதுவாக வைத்த படங்களையும் கொண்டு வகுப்பு எடுத்தவன், அவ்வளவுதான்.

முதல் யோசனை: "வரலாற்றுக்கு முந்தைய காலம்" என்று மொத்தமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது லட்சக்கணக்கான ஆண்டுகள். எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் சமத்துவம் நிலவியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரஷ்யாவில் சுங்கீர் என்ற இடத்தில் சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட இரண்டு சிறுவர்களோடு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யானைத்தந்த மணிகள் கிடைத்தன. மாமத் தந்தத்தை அறுத்து, தேய்த்து, துளையிட்டு ஒவ்வொன்றாகச் செய்த மணிகள். வேட்டையாடி உண்ட மக்கள்தான். ஆனாலும் இந்தச் சிறுவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு உழைப்பு? இதற்கு ஆளுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. "ஆதியில் எல்லோரும் சமம், பிறகு வேளாண்மை வந்தது, கெட்டுப்போனது" என்ற நேர்க்கோட்டுக் கதைக்குள் இந்தச் சிறுவர்கள் அடங்க மாட்டார்கள். நம் ஊர் வாசிப்பு வட்டங்களில் ஆதிப் பொதுவுடைமை என்ற சொல்லோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கோடு மிகவும் பழகியது. நானும் அப்படி வளர்ந்தவன்தான். அதனால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு அதற்குள் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள்.

என் தேர்வு சத்தல்ஹோயுக். துருக்கியின் நடுப்பகுதியில் கொன்யா சமவெளியில் இருக்கும் இரட்டை மேடு. கிழக்கு மேடு மட்டும் 13 ஹெக்டேர், நம் கணக்கில் 32 ஏக்கர். உயரம் சுமார் 21 மீட்டர். கி.மு. 7100 வாக்கில் தொடங்கி கி.மு. 5950 வரை மக்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். பழைய வீட்டை இடித்து நிரப்பி, அதன் மேலேயே புது வீடு கட்டி, அப்படியே ஆயிரம் ஆண்டுக்கு மேல் அடுக்கிக்கொண்டு போனதில் எழுந்த மேடு அது. 1961 முதல் 1965 வரை ஜேம்ஸ் மெல்லார்ட் தோண்டினார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1993-ல் இயான் ஹாடர் தலைமையில் வேலை மீண்டும் தொடங்கி, இருபத்தைந்து ஆண்டுகள் நடந்தது. 2012-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது.

இந்த ஊரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஏனென்றால் தெரு கிடையாது. வீடுகள் தேனடை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நடமாட்டமெல்லாம் மொட்டை மாடியில்தான். வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் கூரையிலிருக்கும் திறப்பு வழியாக ஏணியில் இறங்க வேண்டும். ஏணிக்குக் கீழேயே அடுப்பு, அதே திறப்புதான் புகைபோக்கி. சுவரெல்லாம் வெள்ளைப் பூச்சு, மறுபடி மறுபடி பூசியது. ஓரமாகத் திண்ணை மாதிரி மேடைகள். அந்த மேடைகளுக்கு அடியில் செத்தவர்களைப் புதைத்துவிட்டு அதன் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், எந்த விஆர் கண்ணாடியும் அதைத் தராது. பக்கத்தில் ஒரு சின்ன அறை. தானியம், பருப்பு சேமிக்க மண் குதிர்கள். சில வீட்டுச் சுவர்களில் காட்டு மாட்டின் கொம்புகளைப் பதித்திருக்கிறார்கள்.

இங்கே சமத்துவம் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பலமான சான்றுகளை முதலில் சொல்கிறேன். தோண்டிய இடங்களில் அரண்மனை, கோவில், பொதுக் களஞ்சியம் என்று தெளிவாகச் சொல்லக்கூடிய பெரிய கட்டடம் எதுவும் கிடைக்கவில்லை. வீடுகளுக்குள் அளவு வேறுபாடு உண்டு, ஆனால் மாளிகை, குடிசை என்ற வேறுபாடு இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதன் அதன் சேமிப்பு. 150 கிலோமீட்டருக்கு அப்பால் கப்படோசியாவிலிருந்து வந்த அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கல் ஏதோ நாலு வீட்டில் மட்டும் குவிந்திருக்கவில்லை, ஊர் முழுக்கக் கிடைத்தது. எலும்புகளில் உள்ள ஐசோடோப்புகளை (சாப்பிட்டது என்ன என்பதன் தடம் காட்டும் அணு வகைகளை) பார்த்தால் ஆணும் பெண்ணும் சாப்பிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சான்று விலா எலும்பின் உள்பக்கம் ஒட்டியிருந்த கரி. புகை நிறைந்த வீட்டுக்குள் வாழ்ந்து நுரையீரலில் சேர்ந்த கரி, உடல் மக்கிய பிறகு எலும்பில் படிந்திருக்கிறது. ஆண் எலும்பிலும் இருந்தது, பெண் எலும்பிலும் இருந்தது. அடுப்பங்கரைப் புகை பெண்ணுக்கு மட்டும் எழுதிவைத்ததாக அங்கே இல்லை. எங்கள் பட்டறையில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "எங்க வீட்ல எடுத்துப் பார்த்தா அம்மாவுக்கு மட்டும்தான் இருக்கும்" என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

இனி சந்தேகத்துக்குரியவை. இவற்றை மறைக்காதீர்கள், வகுப்பு சூடுபிடிப்பதே இங்கேதான். மேட்டில் மிகச் சிறிய பகுதியைத்தான் தோண்டியிருக்கிறார்கள், எனவே "அரண்மனை இல்லை" என்பதைக் "தோண்டிய இடத்தில் இல்லை" என்று படிக்க வேண்டும். ஊரில் எத்தனை பேர் என்பதில் பெரிய தகராறு: 3,500 முதல் 8,000 வரை என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆள் இருந்திருக்காது என்று வாதிட்டு 600 முதல் 800 என்று குறைக்கும் மதிப்பீடும் அண்மையில் வந்திருக்கிறது. தலைவன் இல்லாமல் எட்டாயிரம் பேர் வாழ்வது வேறு, எழுநூறு பேர் வாழ்வது வேறு, இல்லையா? அடுத்து, எல்லா வீடும் ஒன்றுபோல இல்லை. கட்டடம் 1 என்று எண் கொடுத்த வீட்டில் மட்டும் 62 பேரைப் புதைத்திருக்கிறார்கள். பல வீடுகளில் சிலர்தான். இப்படி நிறையப் பேரைப் புதைத்த, கொம்பும் ஓவியமும் மிகுந்த, அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டப்பட்ட வீடுகளுக்கு ஹாடர் குழு "வரலாற்று வீடுகள்" என்று பெயர் வைத்தது. மரியாதை கூடிய வீடுகளாக இருக்கலாம். ஆனால் அவற்றின் சேமிப்பு அறை மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இல்லை. பேர் இருந்தது, பத்தாயம் நிறைந்திருக்கவில்லை என்று நான் வகுப்பில் சொல்வேன். பிற்கால அடுக்குகளில் வீடுகள் தனித்து நிற்க ஆரம்பிக்கின்றன, வேறுபாடும் கூடுகிறது என்பது பலர் கருத்து. எவ்வளவு கூடியது, அது நிலைத்ததா என்பதில் ஒத்த கருத்து இல்லை.

சமத்துவம் என்றால் அமைதி என்றும் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். 2019-ல் வெளிவந்த ஆய்வில் 93 மண்டையோடுகளைப் பார்த்ததில் 25-ல் ஆறிப்போன அடிகாயம் இருந்தது. சிலருக்கு ஒரு தடவைக்கு மேல். அங்கே நிறையக் கிடைக்கும் உருண்டையான களிமண் பந்துகளை எறிந்தோ கவணில் வைத்தோ அடித்திருக்கலாம் என்கிறார்கள். ராஜா இல்லை, ஆனால் மண்டை உடைந்திருக்கிறது.

ஒரே வீட்டுக்கு அடியில் படுத்திருப்பவர்கள் ஒரே குடும்பம் என்றுதான் யாரும் நினைப்போம். 2011-ல் பற்களின் வடிவத்தை ஒப்பிட்ட ஆய்வு அப்படி நெருங்கிய ரத்த உறவு தெரியவில்லை என்றது. பிறகு மரபணு ஆய்வுகள் வந்தன. 2025-ல் வெளியான ஆய்வு 131 பேரின் மரபணுவைப் பார்த்தது: தொடக்க காலத்தில் ஒரே வீட்டில் நெருங்கிய உறவினர்களும் இருந்தார்கள், பின்னாளில் அது குறைந்தது, ஒரே வீட்டில் புதைந்தவர்களுக்குள் உறவு தொடர்ந்த இடங்களில் அது தாய்வழியில் தொடர்ந்தது, பெண் குழந்தைகளோடு வைத்த பொருள்கள் ஆண் குழந்தைகளோடு வைத்தவற்றைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. உடனே செய்தித்தாள்களில் "பெண்கள் ஆண்ட நகரம்" என்ற தொனியில் தலைப்புகள் வந்தன. தாய்வழியும் தாயாட்சியும் ஒன்றல்ல என்று தாய்வழி மரபு தெரிந்த கேரளத்துக்குப் பக்கத்திலிருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாயாட்சிக் கதைக்கு இன்னொரு வேரும் உண்டு. 1961-ல் மெல்லார்ட் கண்டெடுத்த, இரண்டு பக்கமும் சிறுத்தைகள் நிற்க உட்கார்ந்திருக்கும் பருத்த பெண்ணின் களிமண் உருவம். உலகம் முழுக்கத் "தாய்த் தெய்வம்" என்று புகழ்பெற்றது. அங்காராவிலிருக்கும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நீங்கள் இணையத்தில் பார்க்கும் படத்தில் இருக்கும் தலை அசல் இல்லை. கிடைத்தபோது தலை உடைந்திருந்தது, பிறகு செய்து ஒட்டியது. கிடைத்த இடம் ஒரு தானியக் குதிர். ஊர் முழுக்கக் கிடைத்த சிறு உருவங்களில் விலங்குகள்தான் அதிகம். மெல்லார்ட் திறமையான தொல்லியலாளர். ஆனால் அவர் இறந்த பிறகு, 2018-ல், சில சுவரோவிய வரைபடங்களை அவரே வீட்டில் உட்கார்ந்து போலியாகத் தயாரித்திருக்கிறார் என்று தெரியவந்தது. இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், டிஜிட்டல் கருவி இந்த ஒட்டுத் தலை மாதிரிதான். எது கிடைத்தது, எது நாம் செய்து ஒட்டியது என்ற கோடு திரையில் தெரியாது. விஆரில் வீட்டுக்குள் இறங்கும் பையனுக்கு அடுப்பும் தெரிகிறது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் தெரிகிறார். அடுப்பு அகழாய்வில் கிடைத்தது. அந்த அம்மாவை அங்கே உட்கார வைத்தது மென்பொருள் செய்தவர். விலா எலும்புக் கரி சொன்னதற்கு நேர் எதிரான பாடத்தை அந்தக் காட்சி ஒரு வார்த்தை பேசாமல் நடத்திவிடும்.

இந்த ஊருக்காக ஏற்கெனவே செய்து பார்த்த டிஜிட்டல் முயற்சிகள் இரண்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. 2000-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொல்லியலாளர் ரூத் டிரிங்ஹாம் குழுவினர் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் ஒகாபி என்று ஒரு தீவு அமைத்து, அதில் சத்தல்ஹோயுக்கைக் கட்டினார்கள். மாணவர்களே வீடு கட்டினார்கள் என்பதுதான் அதில் விசேஷம். கட்டும்போதுதான் "கூரை உயரம் எவ்வளவு? ஏணி எந்தப் பக்கம்? இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விகள் வரும். கட்டி முடித்ததைச் சுற்றிப் பார்ப்பவருக்கு அந்தக் கேள்வி வராது. பிற்பாடு அந்த மெய்நிகர் உலகத்தில் கல்வி நிறுவனங்களுக்கு இருந்த கட்டணச் சலுகை நின்றது. பல கல்வித் தீவுகள் மூடப்பட்டன, இதுவும் நிலைக்கவில்லை. வெளியார் ஒருவரின் தளத்தை நம்பி ஒரு வருடப் பாடத்தைக் கட்டும் யாரும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, 2016 முதல் 2019 வரை ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த எமோட்டிவ் என்ற திட்டம். அவர்கள் உங்கள் கேள்வியைத்தான் கையில் எடுத்தார்கள்: இந்த ஊரின் சமத்துவத்தை இன்றைக்கு இருப்பவருக்கு எப்படி உணரவைப்பது? கண்ணாடி மாட்டி ஒருவரைத் தனியாக உலாவ விடாமல் இரண்டு பேரை ஒன்றாக ஒரே வீட்டுக்குள் இறக்கினார்கள். கொடுப்பதும் வாங்குவதும் சேர்ந்து செய்வதும்தான் அனுபவத்தின் மையம். கூடவே ஒரு சாட்பாட், அதாவது நம்மோடு உரையாடும் மென்பொருள். தகவல் கேட்டால் பதில் சொல்வதோடு நிற்காமல், அது நம்மைச் சீண்டும்: செத்தவரை வீட்டுக்குள் புதைப்பது உனக்கு அருவருப்பா, சொத்து சேர்ப்பது தப்பா, என்கிற மாதிரி திருப்பிக் கேட்கும். சீண்டலை வேண்டுமென்றே வைத்தார்கள். பள்ளிகளுக்கான தொகுப்பு ஒன்றும் செய்தார்கள். இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: காட்சி அழகாக இருப்பதால் மட்டும் பிள்ளை கற்பதில்லை. பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும், பேச ஒரு காரணம் வேண்டும்.

அதனால் கண்ணாடி விஷயத்தில் என் பதில்: வாங்காதீர்கள். 45 பேர் வகுப்பு, நாலு கண்ணாடி, நாற்பது நிமிடப் பீரியட். நான் ஒரு பள்ளியில் இரவல் கண்ணாடிகளோடு முயன்றிருக்கிறேன். ஒருவருக்கு மூன்று நிமிடம், மற்றவர்களுக்கு வரிசையில் நிற்கும் வேலை. ஒரு பெண்ணுக்குத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். முடிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "சூப்பரா இருந்துச்சு சார்" என்றார்கள். வேறொன்றும் இல்லை. தப்பு பிள்ளைகளுடையது இல்லை, நான் கேள்வி எதுவும் கொடுக்காமல் அனுப்பிவைத்தேன்.

அதற்குப் பதிலாக நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு ப்ரொஜெக்டரும், குழுவுக்கு ஒரு கணினியோ போனோ போதும். விளையாட்டின் பெயர் "ராஜா வீட்டைக் கண்டுபிடி". ஊரின் ஒரு பகுதி வரைபடத்தைத் திரையில் போடுகிறேன். எட்டு வீடுகளுக்கு எண் போட்டிருக்கும். எட்டுக் குழு, ஆளுக்கு ஒரு வீடு. எண்ணைத் தொட்டால் அந்த வீட்டின் விவரம் திறக்கும்: தரைப் பரப்பு, எத்தனை பேர் புதைந்திருக்கிறார்கள், கொம்பு உண்டா, குதிர் எத்தனை, அப்சிடியன் கிடைத்ததா. எல்லாம் அகழாய்வு அறிக்கைகளிலிருந்து எடுத்தவை. அறிக்கையில் இல்லாத இடத்தில் "தெரியவில்லை" என்றே எழுதியிருக்கிறேன், உத்தேசமாக ஓர் எண்ணை இட்டு நிரப்பவில்லை. இதைக் கூகுள் ஸ்லைடில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தே செய்துவிடலாம். கிளை பிரியும் கதை எழுத ட்வைன் என்ற இலவசக் கருவி இருக்கிறது, தமிழிலேயே எழுதலாம். ஒவ்வொரு குழுவும் தன் வீடுதான் ராஜா வீடு என்று வாதாட வேண்டும். அப்புறம் வாக்கெடுப்பு.

ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் முதல் சுற்றில் கொம்பு வைத்த வீடு ஜெயிக்கும். சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வேறென்ன செய்வார்கள். அப்போது பெரிய வீட்டுக் குழு எழுந்து, "அவங்க வீட்டைவிட எங்க வீடு பெருசு" என்று சண்டைக்கு வரும். குதிர் அதிகம் உள்ள குழு, "சோறு யார்கிட்ட இருக்கோ அவங்கதான் ராஜா" என்று சொல்லும், அது நல்ல வாதமும்கூட. இரண்டாவது சுற்றில் எண்களை எக்செல் தாளில் போட்டு, வரிசைப்படுத்திப் பார்க்கச் சொல்வேன். ஒன்றில் முதலாக வரும் வீடு மற்றதில் நடுவில் கிடக்கும். எல்லாவற்றிலும் முந்தும் வீடு வராது. அந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். யாராவது ஒருவர், "அப்போ ராஜாவே இல்லையா சார்?" என்பார். நீங்கள் சொல்ல நினைத்த வாக்கியம் கேள்வியாக அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும். உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். "எட்டு வீட்டைத்தானே பார்த்தோம், மிச்சம்?" என்று கேளுங்கள்.

அடுத்த பீரியடுக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: சமத்துவம் தானாக இருந்துவிடுமா? இதற்கு நெட்லோகோ என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும், உலாவியிலேயே ஓடும். அதன் நூலகத்தில் எளிய பொருளாதாரம் என்று ஒரு மாதிரி உண்டு. எல்லோரும் ஒரே அளவு பணத்தோடு தொடங்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு யாரோ ஒருவருக்கு ஒரு டாலர் கொடுக்கிறார்கள். திருட்டு இல்லை, வட்டி இல்லை, ஏமாற்று இல்லை. ஓடவிட்டுப் பாருங்கள், போகப்போகச் சிலரிடம் குவிந்து பலரிடம் கொஞ்சமே மிஞ்சும். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், மறுபடி ஓட்டச் சொல்வார்கள். மறுபடியும் அதேதான். இது கற்காலத்துக்கான சான்று இல்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள், வெறும் கணக்கு. ஆனால் ஒரு விஷயம் புரியும்: சமமாகத் தொடங்கினால் மட்டும் போதாது, யாராவது மெனக்கெட்டுச் சமப்படுத்திக்கொண்டே இருந்தால்தான் அப்படியே நிற்கும்.

அந்த மெனக்கெடல் எப்படி இருக்கும் என்பதற்கு மானிடவியலில் ஒரு நல்ல உதாரணம். ஆப்பிரிக்காவின் தெற்கே கலஹாரிப் பகுதியில் வாழும், வேட்டையாடி உணவு சேகரித்து வந்த ஜுஹொவான்சி மக்களோடு 1960-களில் ரிச்சர்ட் லீ என்ற மானிடவியலாளர் இருந்தார். கிறிஸ்துமசுக்கு விருந்து வைக்க இருப்பதிலேயே பெரிய, கொழுத்த எருதாகப் பார்த்து வாங்கினார். வந்தவர் போனவரெல்லாம் "இந்த எலும்புக்கூட்டையா வாங்கினாய்" என்று கேலி செய்து அவரைக் குறுகவைத்தார்கள். வெட்டினால் ஒரே கொழுப்பு. பிறகுதான் விளங்கியது: பெரிய வேட்டையோடு வருபவன் எவனாக இருந்தாலும் இப்படித்தான் மட்டம் தட்டுவார்களாம், தலைக்கனம் ஏறி நாளைக்குத் தலைவனாகிவிடக் கூடாது என்று. அதே மக்களிடம் இறைச்சியைப் பங்கிடும் உரிமை அம்பின் சொந்தக்காரருக்கு. வேட்டைக்காரர்கள் அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பார்கள். எனவே யார் திறமைசாலியோ அவரே எப்போதும் பங்கிடுபவர் என்று ஆகிவிடாது. இதைக் கணினி இல்லாமலே விளையாடலாம். பெயர் எழுதிய ஐஸ் குச்சிகளை அம்பாகக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், சாக்லேட்தான் இறைச்சி. நான் பார்த்த அளவில் நெட்லோகோவைவிட இது ஆழமாகப் பதிகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இன்று வாழும் மக்களைக் கற்கால மனிதரின் மிச்சமாகக் காட்டாதீர்கள். ஜுஹொவான்சி மக்கள் நம் காலத்து மக்கள், அவர்களுக்கும் நம்மைப் போல வரலாறு உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பளியர்களிடம் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960-களில் தங்கி, ஒருவர் மேல் ஒருவர் அதிகாரம் செலுத்துவதை அவர்கள் எவ்வளவு கவனமாகத் தவிர்க்கிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். அருமையான உதாரணம்தான். ஆனால் மலையடிவாரப் பள்ளி ஒன்றில் நான் அதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பளியர் வீட்டுப் பையன் இருந்தான். மொத்த வகுப்பும் திரும்பி அவனைப் பார்த்தது. அன்றைக்கு அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. யாருடைய பெயரைச் சொல்கிறோம், யார் முன்னால் சொல்கிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பொதுவான ஏஐ சாட்பாட்டை "சத்தல்ஹோயுக் சிறுமியாகப் பேசு" என்று நடிக்கவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் செய்ய மாட்டேன். அந்த மக்களின் மொழியே நமக்குத் தெரியாது. பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் அது தயங்காமல் ஒரு பெயர் சொல்லி, குலதெய்வம்வரை கதை பேசும். வேண்டுமானால் இப்படிச் செய்யலாம்: அது சொன்ன பத்து வாக்கியங்களை அச்செடுத்துக் கொடுத்து, எதற்கு எலும்போ சுவரோ சான்றாக இருக்கிறது, எது ஒட்டுத் தலை என்று சிவப்பு மையால் கோடு போடச் சொல்லுங்கள். இதற்குப் பிள்ளைகளிடம் நல்ல வரவேற்பு, பெரியவர் தப்பைத் திருத்துவதில் இருக்கும் சந்தோஷம்தான்.

இந்த முறையால் பிள்ளைகளின் மனம் மாறுகிறதா, வகுப்புக்கு வெளியே சமமாக நடந்துகொள்கிறார்களா என்றால் என்னால் சொல்ல முடியாது. நான் ஒரு பள்ளியில் இரண்டு நாள் இருப்பேன், கிளம்பிவிடுவேன். "எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் அந்த இரண்டு நாளுக்குள் கூடுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வருடம் முழுக்க அவர்களோடு இருக்கும் நீங்கள்தான் மீதியைச் சொல்ல வேண்டும். மொத்தம் நாலு பீரியட் ஒதுக்குங்கள்: ராஜா வீட்டுக்கு இரண்டு, நெட்லோகோவுக்கும் அம்புக்கும் ஒன்று, ஒட்டுத் தலைக்கு ஒன்று. ஹைடெக் லேபில் இணையம் இழுக்கவில்லை என்றால் விவர அட்டைகளை முன்கூட்டியே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாதி நாள் அப்படித்தான் ஓடியது. எட்டு வீட்டு அட்டைகளும் என்னிடம் தமிழில் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன். ஐந்தாம் வீட்டு அட்டையில் மட்டும் குதிர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன், அதை அழித்துவிடாதீர்கள்.